தும்மினால் கசிவு... வயதின் குற்றமல்ல, தசையின் தளர்ச்சி!

கல்யாண மண்டபம். பந்தி முடிந்து, உறவுக்காரப் பெண்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் பழைய கதையை எடுத்துவிட, கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி மட்டும் சிரிப்பைப் பாதியில் விழுங்கிவிட்டு, காலோடு காலை இறுக்கிக்கொண்டு எழுந்திருக்கிறார். கைப்பையோடு கழிப்பறைப் பக்கம் போகிறார். அந்தப் பையில் மாற்று உள்பாவாடை ஒன்று எப்போதும் இருக்கும். அது அவருடைய கணவருக்குக்கூடத் தெரியாது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் மகள் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள்.

"வேண்டாம்டி, தாகமில்ல."

"காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலையேம்மா... என்னாச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல... வயசாகுதுல்ல. வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கறேன்."

ஊரும் பேரும் மாறலாம். ஆனால், இந்தக் காட்சி எந்தக் குடும்பத்திலும் நடக்கக்கூடியதுதான். தும்மினால், இருமினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால், மாடிப்படியில் வேகமாக இறங்கினால் சில சொட்டுகள் சிறுநீர் கசிந்துவிடுகிறது. முதலில் ஒதுக்கித் தள்ளுகிறார்கள். பிறகு கோயில் வரிசை, தூரப் பயணம், பேரக்குழந்தையோடு ஓடி விளையாடுவது என ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார்கள். சர்க்கரையையும் மூட்டுவலியையும் டாக்டரிடம் விலாவாரியாகச் சொல்பவர்கள்கூட இதை மட்டும் வாய் திறந்து சொல்வதில்லை.

'வயசானா அப்படித்தான்' என்பது ஒரு சமாதானம், அவ்வளவுதான். தும்மும்போதும் சிரிக்கும்போதும் வரும் கசிவுக்குப் பெரும்பாலும் காரணம், இடுப்பின் அடியில் இருக்கும் ஒரு தசைத் தொகுப்பு தளர்ந்துபோவதுதான். கை, கால் தசைகளைப் போல இதுவும் தளரும். அவற்றைப் போலவே பயிற்சி கொடுத்தால் வலுப்பெறும். அது எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும்.

இடுப்புக்குள் ஒரு தூளி

இடுப்பெலும்பை ஒரு பாத்திரமாக நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் சுவர் உண்டு; அடிப்பகுதி மட்டும் திறந்திருக்கும். அந்தத் திறப்பை எலும்பு மூடவில்லை. தசைதான் மூடியிருக்கிறது. அடிவயிற்றின் கீழே, முன்பக்கம் கையால் தொட்டால் தட்டுப்படும் பூப்பெலும்பில் தொடங்கி, பின்னால் வால் எலும்பு வரைக்கும், தூளி கட்டியதைப் போல இந்தத் தசைகள் விரிந்திருக்கின்றன. இவற்றுக்கு இடுப்புத்தளத் தசைகள் என்று பெயர். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் கீழிருந்து தாங்கிப் பிடிப்பது இந்தத் தூளிதான்.

பெண்களுக்கு இந்தத் தளத்தில் மூன்று வழிகள் உண்டு. முன்னால் சிறுநீர் வரும் வழி, நடுவில் பிறப்புறுப்பு, பின்னால் ஆசனவாய். ஆண்களுக்கு இரண்டுதான். கீழே சரியாமல் தாங்கவும் வேண்டும். தேவையானபோது வழிவிடவும் வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு வேலைகளையும் ஒரே தசைத் தொகுப்பு பார்க்கிறது.

இதில் முக்கியமான தசைக்கு லெவேட்டர் ஏனை என்று மருத்துவப் பெயர். நாலு காலில் நடக்கும் விலங்குகளில் இந்தத் தசைகளுக்கு வாலை அசைப்பதில் பெரிய பங்கு உண்டு. அவற்றின் வயிற்றுப் பாரத்தை வயிற்றுச் சுவர் தாங்கிக்கொள்கிறது. மனிதன் நிமிர்ந்து நிற்கிறான், வாலும் இல்லை. வயிற்றுப் பாரத்தைக் கீழே நின்று தாங்கும் பொறுப்பு இந்தத் தசைகளிடம் வந்துவிட்டது.

இவை இடைவிடாமல் உழைப்பவையும்கூட. உட்கார்ந்திருந்தாலும், நின்றாலும், தூங்கினாலும் ஓரளவு இறுக்கத்தோடுதான் இருக்கும். இவற்றில் பெரும்பகுதி, களைப்பில்லாமல் மெதுவாக, நீண்ட நேரம் வேலை செய்யும் தசைநார்கள். மிச்சமிருப்பவை தும்மல், இருமல் மாதிரி திடீர் அவசரத்துக்குச் சட்டென இறுகுபவை.

கதவு எப்படிச் சாத்துகிறது?

சிறுநீர்ப்பை சுமார் 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும். அதிலிருந்து வெளியே வரும் சிறுநீர்க்குழாய் பெண்களுக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு 18 முதல் 20 சென்டிமீட்டர். பெண்களுக்குக் கசிவுப் பிரச்னை அதிகமாக இருப்பதற்கு இந்தக் குட்டைக் குழாயும் ஒரு காரணம்.

பாட்டியின் சுருக்குப்பையைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். சிறுநீர்க்குழாயைச் சுற்றியும் அப்படிச் சுருக்குத்தசைகள் இருக்கின்றன. உள்ளே இருப்பது நம் விருப்பத்தைக் கேட்காமல் தானாக இயங்கும். வெளியே இருப்பது நம் கட்டுப்பாட்டில் இருக்கும். 'பஸ் நிற்கட்டும்' என்று அடக்கிக்கொள்வது இந்த வெளித்தசையால்தான். முதுகுத்தண்டின் கடைசிப் பகுதியிலிருந்து வரும் புடெண்டல் என்ற நரம்பு இதற்கு உத்தரவு கொண்டுவருகிறது.

இனி தும்மலுக்கு வருவோம். தும்மும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென ஏறி, சிறுநீர்ப்பையை மேலிருந்து அமுக்குகிறது. அப்படியும் ஏன் எல்லோருக்கும் கசிவதில்லை?

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நினைத்துப் பாருங்கள். சிமென்ட் தரையில் கிடக்கும் குழாயை மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். அதே குழாய் சேற்றில் கிடந்தால், மிதிக்க மிதிக்கச் சேற்றுக்குள் புதையுமே தவிர, தண்ணீர் நிற்காது. சிறுநீர்க்குழாய்க்குக் கீழே இருக்கும் தளம் உறுதியாக இருந்தால், மேலிருந்து வரும் அழுத்தமே குழாயை நசுக்கி அடைத்துவிடும். தளம் தொளதொளத்திருந்தால் குழாய் கீழே இறங்கும், கசிவு வரும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் ஜான் டிலான்சி 1994-ல் முன்வைத்த விளக்கத்தின் சாரம் இதுதான். மருத்துவ உலகில் அது இன்று தூளிக் கோட்பாடாகவே அறியப்படுகிறது.

பின்பக்கத்துக்கும் ஒரு வார்

மலத்தை அடக்குவதிலும் இந்தத் தளத்துக்குப் பங்கு உண்டு. லெவேட்டர் ஏனையின் ஒரு பகுதி, முன்பக்க எலும்பிலிருந்து கிளம்பி, மலக்குடலைப் பின்னால் சுற்றி வளைத்து, மறுபடியும் முன்பக்கமே வந்து சேர்கிறது. ஒரு வாரைப் போட்டு முன்னோக்கி இழுத்துப் பிடித்த மாதிரி! இந்த இழுப்பால் மலக்குடலில் ஒரு மடிப்பு விழுகிறது. அந்த மடிப்பு இருக்கும்வரை மலம் எளிதில் கீழே இறங்காது.

கழிக்கும்போது இந்த வார் தளர்ந்து, வழி நேராக வேண்டும். குத்தவைத்து உட்காரும்போது இது இன்னும் நன்றாக நேராகிறது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் சிரமப்படுபவர்கள் காலுக்கடியில் சின்ன ஸ்டூல் வைத்து முழங்காலை உயர்த்திக்கொண்டால் சுலபமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். தினமும் முக்கி முக்கி மலம் கழிப்பவர்கள், அந்த அழுத்தத்தையெல்லாம் இடுப்புத்தளத்தின் மேல்தான் இறக்குகிறார்கள்.

தளர்வது ஏன்?

முதல் காரணம் பிரசவம். குழந்தையின் தலை வெளிவரும்போது, இந்தத் தசையின் உள்பகுதி தன் இயல்பான நீளத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் நீள வேண்டியிருக்கும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. பலருக்குச் சில மாதங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். சிலருக்குத் தசை எலும்பிலிருந்து கிழிந்து விலகியிருக்கலாம், நரம்பும் இழுபட்டிருக்கலாம். 'எனக்கு சிசேரியன்தானே' என்றும் இருந்துவிட முடியாது. அதில் ஆபத்து குறைவு என்றாலும், கர்ப்ப காலம் முழுக்க வயிற்றுப் பாரத்தைத் தாங்கியதும் இதே தசைதான்.

தீராத மலச்சிக்கல், நாள்பட்ட இருமல், உடல் பருமன், வருடக்கணக்கில் கனமான சுமை தூக்குவது ஆகியவை அடுத்த காரணங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் சிறுநீர்க்குழாயைச் சுற்றியுள்ள திசுக்கள் மெலிந்துபோவதும் சேர்ந்துகொள்கிறது. ஆண்களில், புராஸ்டேட் சுரப்பியை அகற்றும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கசிவு வருவதுண்டு.

எந்த வகைக் கசிவு?

எல்லாக் கசிவும் ஒன்றல்ல. 'முதலில் வந்தது தும்மலா, அவசர உணர்வா?' என்று உங்களையே கேட்டுப்பாருங்கள்.

தும்மல், இருமல், சிரிப்பு, பளு தூக்குதல் ஆகியவற்றின்போது கசிந்தால் அது அழுத்தக் கசிவு. டாக்டர்கள் இதை 'ஸ்ட்ரெஸ்' வகை என்பார்கள். உடனே, 'எனக்கு ஒரு டென்ஷனும் இல்லையே' என்று குழம்ப வேண்டாம். இங்கே ஸ்ட்ரெஸ் என்பது மன அழுத்தம் இல்லை, வயிற்றின் அழுத்தம்.

திடீரென அடக்க முடியாத உணர்வு வந்து, பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் கசிந்தால் அது அவசரக் கசிவு. குழாயில் தண்ணீர் விழும் சத்தம், வீட்டு வாசலில் சாவியைப் போடும் நேரம்... சிலருக்கு இதுவே போதும். இங்கே சிறுநீர்ப்பையின் தசை, நேரம் காலம் பார்க்காமல் சுருங்குகிறது. இரண்டும் கலந்து இருப்பவர்களும் உண்டு.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாமல் நிரம்பி வழிவது. நீண்டகால சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும், புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கும் இது வரலாம். இதற்கான வைத்தியமே வேறு. அதனால்தான், எந்த வகை என்று டாக்டரிடம் உறுதி செய்துகொள்வது முதல் வேலை.

தண்ணீரைக் குறைத்தால் சரியாகுமா?

பஸ்ஸில் அந்த அம்மா செய்தது இதைத்தான். இது தீர்வல்ல. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி, சிறுநீர்ப்பையை உறுத்தும். அவசர உணர்வு கூடும். சிறுநீர்த்தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் வழி திறந்துவிடும். மலச்சிக்கல் வந்தால் முக்க வேண்டும். முக்கினால் தளம் இன்னும் தளரும். குறைக்க வேண்டுமென்றால், அவசர உணர்வு உள்ளவர்கள் காபி, டீயைக் குறைத்துப் பார்க்கலாம்.

'எதற்கும் ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்' என்று அரை மணிக்கு ஒரு தரம் பாத்ரூம் போவதும் நல்லதல்ல. கொஞ்சம் நிரம்பினாலே கூப்பிடும்படி சிறுநீர்ப்பை பழகிவிடும். அவசர உணர்வு வந்தால் ஓடாதீர்கள். அப்படியே நின்று, இடுப்புத்தளத் தசையை ஐந்தாறு முறை சட்சட்டென இறுக்கி விடுங்கள். உணர்வு கொஞ்சம் அடங்கியதும் நிதானமாக நடந்து போகலாம். போகும் இடைவெளியை 15 நிமிடம், 15 நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போவதும் ஒரு சிகிச்சைதான்.

பயிற்சி: எப்படிச் செய்வது?

1948-ல் ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர், பிரசவத்துக்குப் பின் தளர்ந்த இந்தத் தசைகளுக்கான பயிற்சியைப் பற்றி எழுதினார். அவர் பெயரால்தான் இது கீகல் பயிற்சி எனப்படுகிறது.

* முழங்காலை மடித்து, மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். பழகிய பிறகு உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம்.

* நாலு பேர் நடுவில் இருக்கும்போது வாயு பிரியாமல் அடக்குவீர்களே, அந்தத் தசையை இறுக்குங்கள். கூடவே, சிறுநீரை நிறுத்துவதுபோல முன்பக்கத்தையும் இறுக்கி, உள்ளே மேல்நோக்கி இழுங்கள். ஆண்கள், விதைப்பை லேசாக மேலே எழும்புகிறதா என்று கவனிக்கலாம்.

* மூச்சை அடக்காதீர்கள். வயிறு, தொடை, பிட்டம் ஆகியவற்றை இறுக்கக் கூடாது. கீழே முக்கவே கூடாது. பலர் செய்யும் தவறு இது.

* முதலில் மூன்று, நான்கு நொடிகள் பிடித்தாலே போதும். சில வாரங்களில் 10 நொடிகள் வரை கொண்டுபோகலாம். பிடித்த அளவு நேரம் தசையை முழுதாகத் தளரவும் விட வேண்டும். ஒரு தடவைக்கு 8 முதல் 12 முறை. ஒரு நாளைக்கு மூன்று தடவை. முடிவில் சட்டென இறுக்கி உடனே விடும் வேகப் பயிற்சி சில முறை.

* சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாகச் செய்யாதீர்கள். சரியான தசை எதுவென்று கண்டுபிடிக்க ஒருமுறை பார்க்கலாம். பழக்கமாக்கினால் சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாது.

இன்னொரு சின்ன உத்தியும் உண்டு. தும்மலோ இருமலோ வரப்போகிறது என்று தெரிந்த நொடியில், முந்திக்கொண்டு இடுப்புத்தளத்தை இறுக்கிவிட வேண்டும். குடத்தைத் தூக்கும் முன்பும் இப்படியே. கதவைத் தாழிட்டுவிட்டுத் தும்முவது மாதிரி!

பலன் கிடைக்குமா? காக்ரேன் அமைப்பு 2018-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, அழுத்தக் கசிவு உள்ள பெண்களில், பயிற்சி செய்தவர்களில் 100-க்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 பேர்தான். ஆனால், பத்து நாளில் மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது. குறைந்தது மூன்று மாதங்கள் விடாமல் செய்ய வேண்டும். இந்தத் துறையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம், சரியாகத்தான் செய்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சிலருக்குப் பிரச்னையே தசை அதிகமாக இறுகியிருப்பதுதான். தாம்பத்தியத்தின்போது வலி, இடுப்புக்குள் ஓயாத வலி இருப்பவர்கள் தாங்களாகவே இறுக்கும் பயிற்சியில் இறங்கக் கூடாது. அவர்கள் முதலில் தளர்த்தப் பழக வேண்டும்.

உடல் எடையும் முக்கியம். பருமனான பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் சராசரியாக 8 சதவிகிதம் எடை குறைத்தவர்களுக்கு, வாரத்தில் கசியும் தடவைகள் 47 சதவிகிதம் குறைந்தன. 80 கிலோ இருப்பவருக்கு 8 சதவிகிதம் என்பது ஆறரை கிலோ கூட இல்லை.

பயிற்சி போதாவிட்டால்?

அவசரக் கசிவுக்கு மாத்திரைகள் இருக்கின்றன. கர்ப்பப்பை இறக்கம் இருந்தால், உள்ளே வைத்துத் தாங்கும் பெஸரி வளையம் உதவலாம். அழுத்தக் கசிவுக்கு, சிறுநீர்க்குழாயின் கீழே நாடா ஒன்றைத் தாங்கலாக வைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. தளர்ந்த தூளிக்குப் பதில் இன்னொரு சின்னத் தூளி! செயற்கை நாடாவால் சிலருக்கு நாள்பட்ட வலி வந்திருப்பதால், அதன் சாதக பாதகங்களை டாக்டரிடம் தெளிவாகக் கேட்டபிறகே முடிவெடுக்க வேண்டும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், பிறப்புறுப்பில் ஏதோ இறங்குவது போன்ற உணர்வு ஆகியவை இருந்தால் டாக்டரைப் பாருங்கள். திடீரெனச் சிறுநீர் போகவே முடியாவிட்டாலும், முதுகுவலியோடு கால் பலவீனம் அல்லது உட்காரும் இடத்தில் மரத்துப்போதல் வந்து சிறுநீர், மலக் கட்டுப்பாடு போனாலும், அன்றே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

வாய் திறப்பதுதான் முதல் சிகிச்சை

டாக்டரிடம் பெரிய விளக்கம் கொடுக்க வேண்டாம். 'தும்மினா கசியுது டாக்டர்' என்ற ஒரு வரி போதும். எப்போது, எவ்வளவு கசிந்தது, என்ன குடித்தீர்கள் என்று மூன்று நாள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனால், எந்த வகை என்று கண்டுபிடிப்பது அவருக்குச் சுலபமாகிவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அம்மா ஏன் பயணத்தில் தண்ணீர் குடிப்பதில்லை, மாமியார் ஏன் கோயிலுக்கு வர மறுக்கிறார் என்று ஒருமுறை யோசியுங்கள். கூச்சப்படாமல் சொல்ல அவர்களுக்கு இடம் கொடுங்கள். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பெண்ணுக்குப் பத்தியச் சாப்பாட்டை நினைவுபடுத்துவதுபோல, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இந்தப் பயிற்சியையும் நினைவுபடுத்துங்கள்.

அந்த பஸ் பயணத்தில் மகள் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். "தாகமில்லையா, இல்ல... பயமாம்மா?"

அந்தக் கேள்விக்கு வரும் பதிலிலிருந்து மூன்று மாதப் பயிற்சி தொடங்கலாம். அடுத்த கல்யாணத்துக்குப் போகும்போதும் மாற்று உள்பாவாடை பையில் இருக்கட்டும், தப்பில்லை. அதை வெளியே எடுக்காமலே வீடு திரும்பும் நாள் வரும். வழியில் தண்ணீர் பாட்டிலை அம்மாவே கேட்டு வாங்கிக் குடிப்பார்.